இல்லினாய்ஸ்: மகளின் கட்டுரை வரைவுக்கு அப்பாவின் பதில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வரைவை இரண்டு தடவை படித்தேன். அமெரிக்கப் பாடகர் சுஃப்ஜான் ஸ்டீவன்ஸின் ‘இல்லினாய்ஸ்’ ஆல்பம் 2005 ஜூலையில் வந்தது, 22 டிராக், சுமார் 74 நிமிடம், பல விமர்சனங்களின் மதிப்பெண்ணைத் திரட்டிச் சராசரி போடுகிற மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 90, பிட்ச்ஃபோர்க் என்ற இசை இதழில் பத்துக்கு 9.2, அந்த ஆண்டின் சிறந்த ஆல்பங்களுக்கான பிட்ச்ஃபோர்க் பட்டியலில் முதலிடம் என்று எல்லாத் தகவலும் சரியாக இருக்கிறது. அதன் பிறகு ‘விமர்சகர்களும் ரசிகர்களும் ஒருசேரக் கொண்டாடினார்கள்’ என்று ஒரு வரி போட்டிருக்கிறாய் பார், அதுதான் உறுத்துகிறது. இரண்டு தரப்பும் கொண்டாடியது உண்மை. ஆனால் அந்த ஒரே ஆல்பத்துக்குள் ஆளுக்கொரு ஆல்பத்தைக் கண்டு கொண்டாடினார்கள்.

முதலில் அந்த 90-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தவர் கணக்கு 80 ஆகிறது, ‘ஏ’ போட்டவர் கணக்கு 100, ‘பி பிளஸ்’ 83. அதற்கு மேல் பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு வேறு எடை. எல்லாம் கலந்து வருகிற எண் இது. பிடிக்காதவர்கள் குறைவு என்பதை அது சொல்லும். எது பிடித்தது என்பதைச் சொல்லாது. அதனால் ஒரு வேலை செய். கிடைக்கிற 2005 விமர்சனங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வரி ‘திட்டத்தை’ப் பற்றி, எத்தனை வரி பாட்டைப் பற்றி என்று எண்ணிக் குறித்துக்கொள். அமெரிக்காவின் ஐம்பது மாநிலத்துக்கும் மாநிலத்துக்கு ஒன்றாக ஆல்பம் போடுவேன் என்று ஸ்டீவன்ஸ் அறிவித்த அந்தத் திட்டம் அப்போது பெரிய பேச்சு. 2003-இல் ‘மிச்சிகன்’, அடுத்து இது. அதோடு நின்றுபோனது. அது விளம்பரத்துக்காகச் சொன்னது என்று அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார். திட்டத்தை மலைத்து எழுதிய பத்திகள் இன்றைக்கு வெளிறித் தெரியும், பாட்டைக் கேட்டு எழுதியவை அப்படியே நிற்கும். உன் கட்டுரைக்கு வேண்டியது பின்னது.

‘முழு ஆர்கெஸ்ட்ரா’ என்று எழுதியிருப்பதை அடித்துவிடு. கம்பி வாத்தியம் என்று பார்த்தால் ஒரு குவார்டெட் (நால்வர் குழு) அளவுதான்: வயலின்கள், வியோலா, செல்லோ. கூடவே டிரம்பெட், டிராம்போன், ஒரு சின்னக் கோரஸ். மிச்சம் பேன்ஜோ, ஓபோ, புல்லாங்குழல், பியானோ என்று பெரும்பாலும் ஸ்டீவன்ஸே ஒன்றின்மேல் ஒன்றாக வாசித்து அடுக்கியது. பதிவு செய்ததும் பெரும்பகுதி அவரே, ரோலண்ட் கம்பெனியின் சின்ன டிஜிட்டல் ரெக்கார்டர் பெட்டியில், ஷூர் எஸ்.எம்.57 போன்ற சாதாரண மைக்கில், 32 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில், அதாவது ஒலியை விநாடிக்கு 32,000 தடவை அளந்து. சாம்பிள் ரேட்டில் பாதிக்கு மேல் உள்ள அதிர்வெண் பதிவாகாது. ஆக 16 கிலோஹெர்ட்ஸோடு கூரை முடிகிறது. சிம்பலின் மேல்மினுக்கு கொஞ்சம் மழுங்கிக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘பிரம்மாண்டமான ஒலி’ என்று எழுதினால், நல்ல ஸ்பீக்கரில் கேட்கிற வாசகன் சிரிப்பான். இங்கே பிரம்மாண்டம் அடுக்கில் இருக்கிறது, ஒலித்தரத்தில் இல்லை.

அடுக்கை விளக்க ஒரு பாட்டு போதும். ‘கம் ஆன்! ஃபீல் தி இல்லினாய்ஸ்!’ முதல் பாதி, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியைப் பற்றியது, ஐந்தெண்ணிக்கையில் ஓடுகிறது. தகதகிட போட்டுப் பார், கை தானாக உட்காரும். பாதியில் நாலெண்ணிக்கைக்கு மாறுகிறது, அதுவரை முண்டியடித்து வந்த வாத்தியங்கள் மூச்சு விடுகின்றன, கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் கனவில் வருகிற பகுதி தொடங்குகிறது. விமர்சகர்கள் மெச்சிய ‘கட்டமைப்பு’ இதுதான். உன் கட்டுரையில் அந்தச் சொல் மூன்று இடத்தில் வருகிறது, எங்கே என்று ஓரிடத்திலும் காட்டவில்லை.

இனி கேட்பவர்கள் பக்கம். அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலான பில்போர்டு 200-இல் இந்த ஆல்பத்தின் உச்சமே 121-ஆவது இடம்தான். அதனால் ‘ஹிட்’ என்ற சொல் வேண்டாம். பரவியது காதுவழி. 2006-இல் ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ படத்தில் இந்த ஆல்பத்தின் ‘சிகாகோ’ பாட்டு வந்ததும் புதுக் கூட்டம் சேர்ந்தது. அதையும் தாண்டி மனிதர்கள் மனசுக்குள் வைத்துக்கொண்டது ‘காசிமிர் புலாஸ்கி டே’. கிட்டார், பேன்ஜோ, கடைசியில் ஒரு டிரம்பெட், அவ்வளவுதான். எலும்புப் புற்றுநோயில் சாகிற ஒரு பெண், பலிக்காத ஜெபம். தலைப்பு இல்லினாய்ஸில் மார்ச் முதல் திங்களன்று வரும் விடுமுறை நாளின் பெயர். மாநிலத்தின் வரலாறு அந்தப் பாட்டில் நாட்காட்டித் தேதியாகச் சுருங்கிவிடுகிறது, அதனால்தான் இல்லினாய்ஸ் எங்கே என்றே தெரியாதவனுக்கும் தொண்டை அடைக்கிறது. ‘ஜான் வேய்ன் கேசி ஜூனியர்’ பாட்டையும் விடாதே. குறைந்தது 33 பேரைக் கொன்றவனைப் பற்றி அவ்வளவு மென்மையாகப் பாடலாமா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பாடகர் கடைசியில் தன்னையே அவனோடு நிறுத்திப் பார்க்கிறார். அதை ஏற்காதவர்களின் தரப்பையும் நேர்மையாக ஒரு பத்தி எழுது.

குறை சொன்னவர்களை நீ ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டாய். அவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஆல்பம் நீளம். தலைப்புகள் ஒரு முழ நீளம். புல்மன் பெயரில் வரும் ஒரு டிராக் மொத்தமே ஆறு விநாடி. வரிசையாகக் கேட்டால் இந்த மாதிரிக் குட்டி டிராக்குகள் இரண்டு பாட்டுக்கு நடுவே கதவு திறந்து மூடுவதுபோல இருக்கும், ஷஃபிளில் போட்டால் வெறும் எரிச்சல். நீ இன்னமும் போனில் ஷஃபிள் போட்டுக் கேட்கிறவள் ஆயிற்றே, இந்தத் தடவையாவது ஹெட்போனில் ஒன்றிலிருந்து 22 வரை கேள். போன் ஸ்பீக்கரில் நடுவில் இருக்கிற ஓபோ, கோரஸ் எல்லாம் ஒரே கஞ்சியாகிவிடும்.

அடுக்கு பாட்டுக்கு உதவுகிறதா, மூடுகிறதா என்று தீர்மானிக்க நல்ல வழி ஒன்று உண்டு. 2006-இல் மிச்சப் பாட்டுகளைச் சேர்த்து ‘தி அவலாஞ்ச்’ வந்தது. அதில் ‘சிகாகோ’வுக்கு மூன்று வேறு வடிவம் இருக்கிறது. அக்கூஸ்டிக் வடிவத்தை முதலில் கேள், உடனே மூலத்தைக் கேள். எது கூடுகிறது, எது தொலைகிறது என்று நாலு வரி எழுது. எனக்குக் கேட்ட வரையில், தவறு செய்தேன் என்று தனியாளாகச் சொல்கிற வரி, கோரஸோடு வரும்போது ஊரே சேர்ந்து சொல்வதாகிவிடுகிறது. உனக்கு வேறாகப் பட்டால் அதையே எழுது.

முடிவுப் பத்தியில் 2024-ஐச் சேர். இந்த ஆல்பத்தின் பாட்டுகளை வைத்து ஜஸ்டின் பெக் அமைத்த நடன நாடகம் ‘இல்லினாய்ஸ்’, நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேக்குப் போய், நடன அமைப்புக்கு டோனி என்ற அமெரிக்க நாடக விருது வாங்கியது. வசனமே கிடையாது, பாட்டும் உடம்பும்தான். திட்டம் செத்த பிறகு பாட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது கைமேல் சாட்சி.

அட்டைப்படம் போடுவதாக இருந்தால் எந்தப் பதிப்பு என்று பார்த்துப் போடு. முதலில் வந்ததில் சூப்பர்மேன் இருந்தான். டிசி காமிக்ஸின் உரிமைச் சிக்கல் வந்தது, ஏற்கெனவே அச்சானதை விற்க மட்டும் விட்டார்கள். எல்பி இசைத்தட்டின் அட்டையில் அவன்மேல் பலூன் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பிறகு அவனே இல்லாமல் அச்சடித்தார்கள். பழைய எல்பி எங்காவது கிடைத்தால் வாங்கி வை. பலூனை நகத்தால் உரித்துப் பார்க்காதே, அட்டையோடு வந்துவிடும்.

அன்புடன்,
அப்பா