முகவரியில் ஒரு வரி

உறையூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மருமகளும் நலமாக இருக்க வெக்காளியம்மனை வேண்டிக்கொள்கிறோம். நீ கேட்ட பார்சலைப் புதன்கிழமையே போட்டுவிட்டேன். வந்து சேர்ந்ததும் எடை குறையாமல் இருக்கிறதா என்று பார். நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிறுதோறும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ எட்டு மணிக்குக் கூப்பிடுகிறாய், அம்மா ஸ்பீக்கரில் போடுகிறாள். நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள், வைக்கிறேன். குளிப்பது நல்ல பழக்கம்தான். தீபாவளியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மருமகள் சரியாக எட்டு மணிக்கே குளிக்கிறாள். அது இருக்கட்டும்.

உனக்குப் பதவி உயர்வு வந்ததைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பென்ஷனர்கள் கூட்டத்திலும் சொன்னேன். அங்கே எல்லோரும் பதிவுத் தபாலை நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள். 2025-ல் பதிவுத் தபாலையும் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பதிவுத் தபாலில் வந்ததெல்லாம் வக்கீல் நோட்டீசும் பாங்கிக் கடிதமும்தான். இன்லண்ட் லெட்டர் இன்னும் இருக்கிறது, இரண்டரை ரூபாய். 1950 அக்டோபரில் வந்த அந்த நீலத் தாளை இன்று வாங்கப் போனால் கவுண்டரில் இருக்கும் பெண் மேலும் கீழும் பார்க்கிறாள்.

நான் ரயிலில் தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவன். இரவு வண்டி ஆட்டத்தில் நின்றுகொண்டே உறைகளைப் பிரித்து அறைகளில் போட்டவன். யார் வீட்டுக் கடிதத்தையும் நான் பிரித்துப் படித்ததில்லை. முகவரியை மட்டும்தான் பார்ப்போம். ஆனால் முகவரியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். மாதக் கடைசியில் ஹாஸ்டல்களிலிருந்து வருவதெல்லாம் பணம் கேட்டு எழுதியது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம். புது மருமகள் பிறந்த வீட்டுக்கு எழுதினால் அப்பா பெயருக்கு முன்னால் 'உயர்திரு' கொட்டை எழுத்தில் இருக்கும்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. நான் சேர்ந்த காலத்திலும் பாதிப் பேர் அதை எழுதவில்லை, ஊர்ப் பெயரை வைத்தே பிரிப்போம். அந்த ஆறு எண்களை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் நீ இருக்கும் மகாராஷ்டிரத்துக்காரர்தான், சமஸ்கிருதத்தில் கவிதையும் எழுதியவர். முதல் மூன்று எண்கள் எந்தப் பக்கத்துப் பைக்குப் போகவேண்டும் என்று சொல்லும். கடைசி மூன்று, எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்யும் என்று சொல்லும். 411038 புனேயில் உங்கள் வீடு இருக்கும் கோத்ரூட். பார்சலுக்கு நீ அனுப்பிய முகவரியில் 411018 இருந்தது. பிம்ப்ரி. ஊரின் மறுபக்கம். ஒரே ஒரு எண்தான் வித்தியாசம் என்பதால் அம்மா கவனிக்கவில்லை.

அதற்கு மேல் இரண்டாவது வரியில் மே/பா போட்டு உன் நண்பர் ஒருவரின் பெயர். வேலை தேடிச் சென்னையில் இருந்தபோது நீ அப்படி எழுதுவாய். அது பிரம்மச்சாரி முகவரி. வீட்டில் பார்சல் வாங்க ஆள் இல்லாமல் இருக்கலாம், அவர் வீடு ஆபீசுக்குப் பக்கமாக இருக்கலாம். காரணங்களை நானே அடுக்கிப் பார்த்துக்கொண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதினேனா? ஹோட்டல் எண்ணெய் உனக்கு ஒத்துக்கொள்ளாது.

பரணில் நீ ஹாஸ்டலிலிருந்து எழுதிய இன்லண்டுகள் கம்பியில் கோத்தபடி இருக்கின்றன. நேற்று இறக்கித் தூசி தட்டினேன். உன் எழுத்து அப்போதே நன்றாக இருக்கும், அப்பாயி எழுத்தின் சாயல். ஒன்றில் மட்டும் வரிகள் எல்லாம் வலப்பக்கம் கீழே சரிந்துகொண்டு போகின்றன. மெஸ் சாப்பாடு நன்றாக இருக்கிறது, பரீட்சை நன்றாக எழுதினேன், எல்லாம் நன்றாக இருக்கிறது. மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு வரியை அடித்திருக்கிறாய். மேலே நாலைந்து முறை பேனாவை ஓட்டி, தாள் கிழியும் அளவுக்கு. அன்றைக்கு அதை ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் படித்தேன். 'படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?' அந்த வார சனிக்கிழமை நான் நேந்திரங்காய் வறுவலோடு உன் ஹாஸ்டல் வாசலில் நின்றேனே, அந்தப் பக்கம் டியூட்டி என்று சொன்னேனே, டியூட்டி எதுவும் இல்லை. லீவு போட்டு வந்தேன்.

வாட்ஸ்அப்பில் அந்த வசதி இல்லை. போன செவ்வாய்க்கிழமை இரவு ஒரு மணிக்கு மேல் எனக்கு ஏதோ அனுப்பியிருக்கிறாய். காலையில் பார்த்தால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அதை எந்த ஜன்னலில் பிடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்றால் சரிதான். கை தவறுகிறவன் ஒரு மணிக்கு ஏன் விழித்திருக்கிறான் என்று மட்டும் அம்மா கேட்பாள். அவளிடம் காட்டவில்லை.

தென்னைக்கு மருந்து வைத்தாயிற்று. அத்தை பேத்திக்கு இடம் பார்க்கிறார்கள்.

அத்தை என்றதும் எழுதத் தோன்றுகிறது. அத்தை புகுந்த வீட்டை விட்டு வந்த வருடம் தாத்தா யாரோடும் பேசவில்லை. உனக்குத் தெரிந்த கதைதான். உனக்குத் தெரியாதது, எனக்கு அவர் அனுப்பிய மணியார்டர் கூப்பனில் எழுதியிருந்தது. பாரத்தின் அடியில் இருக்கும் அந்தத் துண்டில் இரண்டு விரல் அகலம்தான் இடம். 'அவளை வரச் சொல். அவள் அறை அப்படியே இருக்கிறது. நான் சொன்னதாகச் சொல்லாதே.' நேரில் அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்திருக்காது. போனில் எதிரே இருப்பவர் உடனே பதில் கேட்பார், நாமும் உடனே ஏதாவது சொல்லித் தொலைக்கவேண்டும். தாளில் எழுதினால் அவர் முகத்தை நாம் பார்க்க வேண்டாம். நம் முகத்தையும் அவர் பார்க்க வேண்டாம். தபால் போய்ச் சேரும் நாலைந்து நாளில் இரண்டு பக்கமும் கொஞ்சம் நிதானம் வந்துவிடும். நாற்பது வயதை நெருங்குகிறவனுக்கு நான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. படித்த பிள்ளைதானே நீ.

இன்லண்டுக்குள் எதையும் வைக்கக்கூடாது என்பதால் இதைக் கவரில் போடுகிறேன். உள்ளே இரண்டு வெற்று இன்லண்டுகள் இருக்கும், என் முகவரியை எழுதிவிட்டேன். பால்பாயிண்டால் எழுது. ஜெல் பேனா வேண்டாம், மழையில் நனைந்தால் கரைந்துவிடும். எழுதிவிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பாதே, தபாலில் போடு. கம்ப்யூட்டரிடம் கேட்டு எழுதாதே. அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும். ஒட்டும் இடத்தில் எழுத்து வராமல் பார்த்துக்கொள், பிரிக்கும்போது கிழிந்துவிடும். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார், நான் வாசலில்தான் இருப்பேன். அம்மா கைக்கு முதலில் போகாது.

நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையை நிறுத்தாதே.

பார்சலில் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் உனக்கு. பச்சை மூடி டப்பா மருமகளுடையது, அம்மா காரம் குறைத்து இடித்த கறிவேப்பிலைப் பொடி. அவளுக்குக் கோத்ரூட் முகவரிக்கே தனியாக ஒரு இன்லண்ட் போட்டிருக்கிறேன். வேறெதுவும் எழுதவில்லை, பொடி கைக்கு வந்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். அவள் பதில் எழுதுகிறவள், கல்யாணமான புதிதில் இரண்டு பக்கம் எழுதியவள். ஆகவே பார்சல் வந்த அன்றே டப்பாவைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிடு. கூரியரில் அனுப்பாதே.

இப்படிக்கு,
அப்பா