பிரேக்கர் விழவில்லை என்பதால் மட்டும்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்பு நண்பர் கோவிந்தன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு வேலை கிடைத்த செய்தியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிலை உடனே எழுதுகிறேன். கீசர் ஓடத் தொடங்கியதும் வீடு முழுவதும் விளக்குகள் மங்குகின்றன, வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி போர்டிலிருந்து மெல்லிய இரைச்சல் வருகிறது, ஆனாலும் பிரேக்கர் விழவில்லை, எனவே பயமில்லை என்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால்தான் பிரேக்கர் விழும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் எடுக்கிறது. 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த வழியில் ஒரு திருகு தளர்ந்து கால் ஓம் மின்தடை உண்டானாலும், அந்தச் சிறு இடத்தில் மட்டும் 40 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். அது ஒரு சால்டரிங் அயர்னின் சூடு. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜும் இதைக் கண்டுகொள்ளாது, ஏனெனில் லைவில் போகும் மின்னோட்டம் குறையாமல் நியூட்ரலில் திரும்பிவிடுகிறது.

வேலையில் இருந்த காலத்தில் நான் திறந்து பார்த்த ஒரு போர்டு இன்னும் நினைவில் இருக்கிறது. வெளியே சிறு கறைகூட இல்லை; மூடியைக் கழற்றியபோது, நியூட்ரல் வயர்கள் எல்லாம் வந்து சேரும் நியூட்ரல் பாரில் ஒரே ஒரு கறுப்பு வயரின் உறை பொரிந்து, உள்ளே செம்பு மங்கிய ஊதா நிறமாகியிருந்தது. சூடேறி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாக ஆண்டுக்கணக்கில் நடந்ததில் திருகின் பிடி மெல்ல விட்டிருந்தது. தங்களைப் போல் டோங்காட்டில், கடற்காற்றில் குடியிருப்பவர்களுக்கு உலோகம் அரிக்கும் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது.

ஒரே பிரேக்கரின் கீழுள்ள விளக்குகள் மட்டும் மங்கினால் அந்த பிரேக்கரையோ அதன் வயரையோ சந்தேகிக்கலாம். வீடு முழுவதும் மங்குவதால் மெயின் சுவிட்சிலோ, மெயின் நியூட்ரலிலோ, வெளியிலிருந்து வரும் கேபிளிலோ கோளாறு இருக்கக்கூடும். பக்கத்து வீட்டிலும் இப்படித்தானா என்று கேளுங்கள்; ஆம் என்றால் மாநகராட்சியிடம் சொல்ல வேண்டும். வீடு வாங்கியபோது தந்த மின்சாரச் சான்றிதழை நம்பியிருக்க வேண்டாம். அது சோதித்த நாளின் நிலையைத்தான் சொல்லும்.

தாங்களே மூடியைத் திறக்க வேண்டாம். மெயினை அணைத்தாலும் உள்ளே வரும் கேபிளின் முனையில் மின்சாரம் இருக்கும். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கருகிய முனையை அவர் அப்படியே இறுக்கிவிட்டுப் போகக் கூடாது. அதை வெட்டி, பளிச்சென்ற செம்பு வரும்வரை உறையைச் சீவி, திருகை உரிய அளவுக்கு முறுக்க வேண்டும். சேதமான பிரேக்கரையும் மாற்ற வேண்டும். அதுவரை கீசரைப் போடாதீர்கள். எரிந்த வாசனை வந்தால், கை வைக்க முடிகிற நிலையில் இருந்தால் மட்டும் மெயினை அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய் உதவிக்குக் கூப்பிடுங்கள்.

அவர் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் நானும் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சுப்பையா