ரீஃபிலுக்கு அனுப்பும் முன் எங்கள் கையில் ஒருமுறை கொடுங்கள்

எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மாடிப்படி ஓரங்களில் தொங்கும் தீயணைப்பான்களை ரீஃபிலுக்கு அனுப்பப் போவதாக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். சரி, நல்ல காரியம். உள்ளே இருக்கும் பழைய பவுடரை எப்படியும் கொட்டிவிட்டுத்தான் புதிதாக நிரப்பப் போகிறார்கள். அந்தப் பவுடரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கக் காலி இடத்தில் எங்களையே அடித்துத் தீர்க்க விடுங்களேன்.

போன முறை பயிற்சி என்றபோது செக்யூரிட்டிகளும் சில ஆண்களும் மட்டும் நின்று பார்த்தார்கள். பகல் பதினொரு மணிக்கு அடுப்படியில் தீப்பிடித்தால் வீட்டில் இருக்கப்போவது பாட்டிகளும் சமையலுக்கு வரும் அக்காக்களும்தான். கருவியைப் பிடித்துப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். 6 கிலோ பவுடர் கருவி, உருளையின் எடையும் சேர்ந்து பத்து கிலோவை நெருங்கும். எழுபது வயதில் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? வீட்டுக்குள் வைக்க, மரம்-துணி, எரியும் திரவம், வாயு என மூன்று வகைத் தீக்கும் ஆன 2 கிலோ ஏபிசி பவுடர் வகை போதும். ஐஎஸ் 15683 என்ற இந்தியத் தர எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து, மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் விலையும் குறையும். அதை அடுப்புக்கு மேலே மாட்டக் கூடாது. தீயைத் தாண்டிக் கையை நீட்டி எடுக்க யாராலும் ஆகாது. சமையலறை வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

செய்து பார்த்தால்தான் தெரியும் விஷயங்கள் சில உண்டு. பதற்றத்தில் கைப்பிடியை அழுத்திக்கொண்டே அதிலுள்ள பாதுகாப்பு ஊசியை (பின்) இழுத்தால் அது வராது. பிடியைத் தளர்த்திவிட்டு இழுக்க வேண்டும். ஆறேழு அடி தள்ளி, வாசல் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, எரியும் பொருளின் அடிப்பாகத்தைப் பார்த்து இடமும் வலமுமாக வீச வேண்டும். சுடரின் உச்சியில் அடித்தால் பவுடர்தான் வீண். சின்னக் கருவியில் இருப்பது சுமார் பத்து விநாடிக்கான சரக்கு. அது தீர்ந்தும் தீ அடங்கவில்லையா, கதவைச் சாத்திவிட்டு வெளியேறி 101 அல்லது 112-ஐ அழைப்பதுதான் வேலை.

எதற்கு இதை எடுக்கக் கூடாது என்பதையும் அன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். வாணலி எண்ணெய் பற்றினால் அடுப்பை அணைத்து மூடி போட்டாலே போதும். தண்ணீர் ஊற்றவே கூடாது. கிட்ட நின்று பவுடர் அடித்தாலும் எண்ணெய் சிதறும். கேஸ் கசிந்து எரிந்தால், கை போகிற நிலையில் இருந்தால் முதலில் ரெகுலேட்டரை மூட வேண்டும். சுடரை மட்டும் அணைத்துவிட்டால் காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு பரவி எங்கேயாவது ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். தீயில்லாத வெறும் கசிவு என்றால் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழைக்க வேண்டும். பார்க்கிங்கில் சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டர்களுக்கும் நம் பவுடரை நம்ப வேண்டாம். மேல்தீ அடங்கும், பேட்டரிக்குள் சூடு அடங்காது, திரும்பப் பற்றும்.

அப்புறம் அழுத்தமானி. முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும். மின்சார அறையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு முள்ளே கிடையாது. அதை எடை போட்டுத்தான் பார்க்க முடியும்.

பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் செய்துகாட்ட ஆள் அனுப்புவார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரையான தீத்தொண்டு வாரம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: எல்லா உருளைகளையும் ஒரே நாளில் காலி செய்துவிடாதீர்கள். பாதியை முதலில் அனுப்பி, அவை நிரம்பித் திரும்பிய பிறகு மீதியை எடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்துக் குடியிருப்பாளர்