காட்டுயானம்தான் செய்தி

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குச் சர்க்கரை குறைந்ததா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விதைத் திருவிழாவுக்கு நீ எழுதிய செய்திக் குறிப்பை ராத்திரி படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. முதல் பக்கம் முழுக்க யார் தலைமை, யார் முன்னிலை, யார் குத்துவிளக்கு ஏற்றுகிறார் என்றே போகிறது. நம் வாத்தியார் எழுதுகிற ஆண்டுவிழா அழைப்பிதழேதான், போ! ஆனால் மூன்றாம் பக்கத்துக் கடைசி வரியில், போகிற போக்கில், மழையில் சுற்றுப்பட்டு வயலெல்லாம் சாய்ந்தபோது ஒரு பெரியவருடைய காட்டுயானம் நெல் மட்டும் தண்ணீரில் நின்றது என்று எழுதியிருக்கிறாய். அதுதானடா செய்தி! அதையா கடைசியில் கொண்டுபோய்ப் போடுவாய்?

உங்கள் வட்டார நிருபரை நினைத்துப் பார். ஒரே ஆள், விபத்து, மனு நாள், சாலை மறியல் எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓட வேண்டும், நடுவில் வாட்ஸ்ஆப்பில் இதுபோன்ற குறிப்புகள் வந்து குவிந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு வரியில் என்ன நடந்தது, எங்கே, யாருக்கு என்று தெரியாவிட்டால் அடுத்ததுக்குப் போய்விடுவார், அவர் மேல் தப்பே இல்லை. நெல் கண்காட்சி வருஷாவருஷம்தான் நடக்கிறது. ஆளுயரத்துக்கு மேல் வளர்கிற, 180 நாள் பயிரான காட்டுயானம் இந்த ஊரில், இந்த வயலில் வெள்ளத்தைத் தாங்கி நின்றது என்று தொடங்கு, அவரே உனக்குப் போன் பண்ணுவார்.

1906-இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அப்போதெல்லாம் ரயில் கம்பெனிகளின் வழக்கம். அந்தப் பென்சில்வேனியா ரயில்வேக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்த ஐவி லீ, நடந்ததை எழுதிக் கொடுத்ததோடு நிருபர்களை அந்த இடத்துக்கே வரவழைத்தார். நியூயார்க் டைம்ஸ் அவர் குறிப்பை அப்படியே போட்டது. நீயும் நிருபரை மேடைக்குக் கூப்பிடாதே, வயலுக்குக் கூப்பிடு. திருவிழாவுக்கு முன்னாடியே கூப்பிடு.

அப்புறம், பிடிஎஃப் வேண்டாம், பழைய எழுத்துருவும் வேண்டாம். யூனிகோடில் அடித்து மெயிலுக்குள்ளேயே போடு. உட்கார்ந்து திரும்ப அடிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பெரியவர் பயிருக்குள் நிற்கும் படத்தைப் பெயர், ஊர் விவரத்தோடு தனியாக இணை. பொன்னாடை போர்த்துகிற படம் வேண்டவே வேண்டாம். மதியத்துக்குள் அனுப்பு, கொடுக்கிற எண்ணில் போன் வந்தால் எடு. நீ போன் எடுக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும்.

நிருபருக்குக் கவரில் பணம் வைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வைக்காதே. யார் சொன்னாலும் வைக்காதே. காசு வாங்காமல் வெயிலில் அலைந்து எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கையில் நீ கவரைத் திணித்தால் அது அவருக்கு அவமானம். அந்தப் பெரியவரின் நெல்லுக்கும்தான்.

புதிதாக எழுதி ஞாயிற்றுக்குள் அனுப்பு. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் நானே வெட்டிவிடுவேன். விதையை யாரிடமிருந்து வாங்கினார், ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று பெரியவரிடம் கேட்டு எழுது. நிருபர் முதலில் அதைத்தான் கேட்பார், உன் மூன்று பக்கத்தில் அது எங்கேயும் இல்லை.

அன்புடன்,
ராசு