பத்துத்தூண் சந்தில் நின்றபோது

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பதில் எழுதாதது என் தவறுதான். இங்கே எல்லோரும் நலம். மூத்தவளுக்கு மாற்றல் வந்துவிட்டது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரத்திலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

பேத்திக்குப் பாவாடை எடுக்க மதுரை விளக்குத்தூண் பக்கம் போயிருந்தோம். அவர்கள் துணி பார்க்கட்டும் என்று விட்டுவிட்டுப் பத்துத்தூண் சந்துக்குள் நடந்தேன். அந்த வழியாக நாம் எத்தனை நூறு தடவை போயிருப்போம்! ஒருநாளாவது தலையை நிமிர்த்திப் பார்த்தோமா? கடைகளுக்கு நடுவே, மேலே கூரை இல்லாமல், தாங்குவதற்கு ஒன்றுமே இல்லாமல், பழைய அரண்மனையின் மிச்சமான அந்தக் கல் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. திருமலை நாயக்கர் மகாலில் உள்ள தூண்கள் வெண்சுதை பூசி வழுவழுவென்று இருக்கும். இங்கே பூச்சு எல்லாம் போய், உள்ளே இருந்த கல் வெளியே தெரிகிறது. சதை போன உடம்பின் எலும்பைப் பார்த்தது போல் இருந்தது, முத்து. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அங்கிருந்து மகாலுக்கு நடந்தே போனேன். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனை இன்று நிற்பதைப் போல் நான்கு மடங்கு இருந்ததாம். நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது சொர்க்க விலாசம் என்ற கொலு மண்டபத்தையும் நாடகசாலையையும்தான். அரண்மனையின் மற்றொரு பகுதியான ரங்க விலாசம் எங்கே? அந்தப்புரம், ஆயுதசாலை, குளம், தோட்டம் எல்லாம் எங்கே? அரண்மனை வாத்தியக்காரர்கள் இசைத்த இடம் நவபத்கானா. மண்டபம் போய்விட்டது, தெருவுக்கு மட்டும் அந்தப் பெயர் நிற்கிறது. அந்தத் தெருவில் குடியிருந்த நம் ராமு ஒருநாளும் இதைச் சொன்னதில்லையே!

அரண்மனையைப் பிரித்தெடுத்த பேரன் சொக்கநாத நாயக்கரைத் திட்டக் கூடாது என்று நீ இப்போதே பேனாவை எடுத்திருப்பாய். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய மன்னர் கல்லையும் மரத்தையும் எடுத்துப் போவது அந்தக் கால வழக்கம் என்பாய். நாற்பது வருடமாக இதையே சொல்கிறாய். ஆனால் அது தாத்தா கட்டிய வீடு அல்லவா? பிரித்து எடுத்ததைக் கொண்டு அங்கே இதற்கு ஈடாக ஒன்று எழுந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். எழவில்லையே!

நேப்பியர் பிரபு விஷயத்தில் மட்டும் நான் உன் பக்கம் வந்துவிட்டேன். அவர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த 1866 முதல் 1872 வரையிலான ஆண்டுகளில் பழுதுபார்த்திருக்காவிட்டால் மிச்சமும் இடிந்திருக்கும். ஆனாலும் குவிமாடத்துக்குக் கீழே நின்று அந்தச் சுதை வேலையைப் பார்த்தபோது, இதில் நாயக்கர் காலத்துக் கை எது, பின்னால் வந்த கொத்தனாரின் கை எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். இடிந்ததைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஒரு சின்னப் பலகையில் பழைய அரண்மனையின் எல்லையை வரைந்து, இன்று நிற்பது எந்தப் பகுதி என்று வாசலிலேயே காட்டினால் என்ன குறைந்துவிடும்?

1970 வரை மாவட்ட நீதிமன்றம் அங்கேதானே நடந்தது. உன் அப்பாவின் வாய்க்கால் வழக்குக்கு நாமும் தொற்றிக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? அவர் உள்ளே கைகட்டி நின்றார். நாம் வெளியே தூண்களை எண்ணினோம். 248 என்று ஊரே சொல்ல, நீ 251 என்று சாதித்தாய். அந்த மூன்று தூண்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வழக்குத் தோற்று வெளியே வந்த மனிதர் நமக்கு முறுக்கு வாங்கித் தந்தாரே, அதை நினைத்துக்கொண்டு அதே முற்றத்தில் வெகுநேரம் நின்றேன்.

தை மாதம் நீ வருகிறாய். சாக்குச் சொல்லாதே. கடைகள் திறக்கும் முன்னால், காலை ஏழு மணிக்குப் பத்துத்தூணில் தொடங்கி நவபத்கானா தெரு வழியாக மகால் வரை நடப்போம். நான் நடந்து பார்த்துப் போட்ட வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தெற்குப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அது உன் தாத்தா வீட்டுப் பக்கம். நீதான் நிரப்ப வேண்டும்.

அன்புடன்,
செல்வம்