மெல்வில்லின் பத்தொன்பது ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில்லைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவருடைய திமிங்கில வேட்டை நாவலான 'மோபி டிக்' பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் அவருடைய வாழ்க்கையைச் சொன்ன இடங்களில் சில திருத்தங்கள் தேவை.

அவரை 'வாழ்நாளெல்லாம் கடலில் அலைந்தவர்' என்கிறது கட்டுரை. அது சரியன்று. 1839இல் சரக்குக் கப்பலொன்றில் நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குப் போய்வந்தார். பிறகு 1841 ஜனவரி 3 அன்று 'அகூஷ்நெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் புறப்பட்டு, மார்க்கேசஸ், டஹிட்டி, ஹவாய் என்று பசிபிக் தீவுகளில் கப்பல் மாறி மாறி ஏறி, கடைசியில் கடற்படைக் கப்பலொன்றில் 1844 அக்டோபரில் பாஸ்டன் வந்து இறங்கினார். அவர் மாலுமியாக இருந்த காலம் இவ்வளவுதான்; அப்போது அவருக்கு வயது 25. பிற்காலத்தில் கடல் கடந்ததெல்லாம் பயணியாகத்தான்.

வேட்டைக் கப்பல்களில் மாதச் சம்பளம் கிடையாது. நம் மீன்பிடி விசைப்படகுகளில் உள்ளதைப் போல, வருவாயில் ஆளுக்கொரு பங்கு என்ற முறைதான். மெல்வில்லுக்குப் பேசிய பங்கு 175இல் ஒன்று. 'மோபி டிக்'கில் கதை சொல்லும் மாலுமி இஸ்மவேலுக்குக் கப்பல் உடைமையாளர்களில் ஒருவர் 777இல் ஒன்று போதும் என்று கணக்குப் போட, மற்றவர் சண்டை பிடித்து அதை 300இல் ஒன்றாக்குகிறார். திமிங்கில எண்ணெய் விற்ற பிறகு கிடைக்கக்கூடிய அந்தப் பங்கையும் வேண்டாமென்று விட்டு, பதினெட்டு மாதங்களில் மார்க்கேசஸைச் சேர்ந்த நுக்கு ஹிவா தீவில் ஒரு தோழனுடன் மெல்வில் கப்பலை விட்டு ஓடினார் என்றால், அந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். கட்டுரையோ இதைச் 'சாகச மோகம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

எனக்குக் கூடுதல் வருத்தம் தந்தது, 'பிறகு ஏதோ குமாஸ்தா வேலையில் ஒதுங்கி மௌனமானார்' என்ற வாக்கியம். நான் சுங்கத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு உறைத்ததோ என்னவோ. 1866 டிசம்பர் முதல் 1885 டிசம்பர் 31 வரை, பத்தொன்பது ஆண்டுகள், அவர் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராக இருந்தார். நாளொன்றுக்குச் சம்பளம் 4 டாலர். வந்திறங்கும் சரக்கைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாளரின் பையில் பணத்தைத் திணிக்க எப்போதும் யாராவது காத்திருப்பார்கள் என்பது இத்துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவருடைய சகோதரியின் கணவர் 1873இல் நிதித்துறைச் செயலாளருக்கு எழுதிய கடிதத்தில், தமக்குத் தெரியாமல் பையில் திணிக்கப்பட்ட பணத்தை மெல்வில் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

இன்னொரு செய்தி. அவர் வேலை பார்த்த இடத்துக்கு அருகிலிருந்த தெருவுக்கும் விடுதிக்கும் கான்ஸ்வோர்ட் என்று பெயர். அது அமெரிக்க விடுதலைப் போரில் ஸ்டான்விக்ஸ் கோட்டையைக் காத்த அவருடைய தாய்வழித் தாத்தாவின் பெயர். 1870இல் ஒரு நாள் அந்த விடுதியில் புகையிலை வாங்கிய மெல்வில், இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று விசாரிக்க, அங்கிருந்த பெரியவர் ஒருவர், இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த ஒரு பணக்காரக் குடும்பத்தின் பெயர் என்று மிடுக்காக விளக்கம் சொன்னாராம். இதைத் தம் தாய்க்கு எழுதிய கடிதத்தில் அவரே கேலியாக விவரித்திருக்கிறார்.

மௌனமானார் என்பதும் பொருந்தாது. ஆறு நாள் வேலைக்கு இடையில்தான் ஏறத்தாழ 18,000 அடிகள் கொண்ட 'கிளாரல்' என்ற நெடுங்கவிதையை எழுதி, 1876இல் வெளியிட்டார். அச்சுச் செலவை மாமா ஏற்றார். யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். மனைவி எலிசபெத்துக்கு வந்த சொத்தின் துணையால் வேலையை விட முடிந்த பிறகு 'பில்லி பட்' என்ற குறுநாவலை எழுதத் தொடங்கினார். 1891 செப்டம்பர் 28 அன்று அவர் இறந்தபோது அதன் கையெழுத்துப் படி திருத்தம் முடியாமல் கிடந்தது. 1919இல் இலக்கிய ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டெடுக்க, 1924இல்தான் அச்சேறியது. கட்டுரையில் இந்த நூலின் பெயர்கூட இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சுங்க அலுவலர்,
தூத்துக்குடி.