ஐயனார் கோயில்காட்டுத் திருப்பணி நிறைவு: குழுவின் அறிக்கையும் வரவு செலவும்

நம் ஊர்த் தலைக்கட்டுதாரர்களுக்கும், வெளியூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கும் வணக்கம்.

காட்டில் முள் எடுத்து, தடம் சரிசெய்து, நாற்று விடும் வேலை தை மாதம் தொடங்கி ஐப்பசிக் கடைசியில் முடிந்தது. போய்ப் பார்ப்பவர்களுக்கு, "இத்தனை மாசமா என்னப்பா செஞ்சீங்க?" என்று கேட்கத்தான் தோன்றும். கோபுரம் இல்லை, டைல்ஸ் இல்லை, தகரக் கொட்டகைகூட இல்லை. முதல் கூட்டத்தில் பாதிப்பேர் கேட்டது சிமெண்டுச் சாலையும் சுற்றுச்சுவரும்தான். சன்னதிக்கு மண்டபம், மண்டபத்தைச் சுற்றிப் பாதை, வண்டி திரும்ப இடம் என்று காட்டை வெட்டிக்கொண்டே போன ஊர்களை நாம் பார்த்திருக்கிறோம். அங்கெல்லாம் ஐயனார் இப்போது வெயிலில் நிற்கிறார். அதனால்தான் சிமெண்டு வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. அதில் இன்னும் மனக்குறை உள்ளவர்கள் இருக்கிறார்கள், தெரியும்.

சேதம் எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறி நம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, காட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்த பெரிய நாவலும் பாலையும் வேரோடு சாய்ந்தன. சாமி மரம் என்பதால் யாரும் தொடவில்லை. அது நல்லதாகவே போயிற்று. ஆனால் நிழல் கிழிந்த இடத்தில் சீமைக் கருவேலம் புகுந்துவிட்டது. ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணியோடும் புழுக்கையோடும் விதையைப் போட்டுவிட்டுப் போகின்றன. வெயில் பட்டால் அதற்கு வேறெதுவும் வேண்டாம். உள்ளே வீரையும் காசானும் நெருங்கி நிற்கும் இடத்தில் இன்றுவரை ஒரு கருவேலங்கன்றுகூட இல்லை என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தக் காட்டில் அரிவாள் படக்கூடாது என்பது வழிவழி வந்த கட்டுப்பாடு. அப்படியிருக்க முள்ளை வெட்டலாமா? தை வெள்ளியன்று சாமி உத்தரவுக்காகப் பூக் கேட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி வீட்டுச் சின்னப் பிள்ளை எடுத்தது வெள்ளை. வந்தேறிய முள்ளை மட்டும் எடுக்கலாம், விழுந்த மரமும் காய்ந்த கிளையும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று உத்தரவானது. கஜாவில் சாய்ந்த நாவலை ஏலம் விட்டிருந்தால் நல்ல தொகை வந்திருக்கும் என்று இன்னும் சொல்பவர்கள், அந்த மரத்தடியைப் போய்த் தட்டிப் பார்க்கலாம். உள்ளே கறையான், மேலே காளான், அடியில் அரணை. இப்போது அந்த மரத்தின் குடிகள் இவைதான்.

முள் எடுத்ததில் ஒரு தவறு நடந்தது, பொறுப்பு குழுவுடையது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒருநாள் ஜேசிபி வரவழைத்தோம். பின்னோக்கி நகர்ந்த வண்டி, முள்ளுக்குள் மறைந்திருந்த இரண்டு பழைய மண்குதிரைகளை நொறுக்கிவிட்டது. அவை அங்கே இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒன்றின் கழுத்து மணி மட்டும் முழுசாகக் கிடைத்தது. பெண்கள் வண்டியை மறித்து நின்றார்கள். அரைநாள் வாடகையோடு திருப்பி அனுப்பினோம். அதற்குப் பிறகு எல்லாம் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். தரைமட்டத்தில் வெட்டினால் கருவேலம் அடுத்த மழைக்கே நாலு கிளையாகத் துளிர்க்கும். அடித்தூரைத் தோண்டி வேர்ப்பூட்டோடு எடுத்தால்தான் உண்டு. உடைந்த குதிரைத் துண்டுகளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டோம். மண் மண்ணுக்குப் போகட்டும் என்று பூசாரி சொன்னார்.

அடுத்தது தடம். மழைத் தண்ணீர் பாதையையே வாய்க்காலாக்கி, மண்குதிரை வரிசையிலிருந்து சன்னதிவரை முழங்கால் பள்ளம் பறித்திருந்தது. பாதைக்குக் குறுக்கே பத்துப் பத்துத் தப்படிக்கு ஒன்றாகச் செம்புறாங்கல்லைச் சாய்வாகப் பதித்திருக்கிறோம். தண்ணீர் கல்லில் மோதிப் பக்கத்துப் பள்ளத்துக்கு இறங்கிவிடும். ஐப்பசி மழைக்குத் தாங்கியது. ஐயனாருக்கு மண்குதிரை சுமந்து வரும் புரவி எடுப்புத் திருவிழா அன்று தூக்கி வருகிறவர்களுக்கு அகலம் போதாது என்று நியாயமான குறை வந்தது. எதிரே நின்றது ஒரு கிழ வீரை. அதன் தூரை நாலு பேர் கை கோத்தாலும் பிடிக்க முடியாது. வீரை எவ்வளவு மெதுவாகப் பருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதன் வயது புரியும். கடைசியில் பாதைதான் வளைந்தது. அந்த இடத்தில் மட்டும் தூக்குகிறவர்கள் பக்கவாட்டில் நடக்க வேண்டும். ஏணியில் செங்கல் கட்டித் தூக்கிப் பழகிப் பார்த்துவிட்டார்கள், முடிகிறது.

முள் போன இடத்தில் நட, நம் காட்டு விதையிலேயே நாற்று விட்டோம். பாலை, வீரை, காசான், குருந்து, நாவல். நாவல் குதித்து வளர்ந்தது. பாலை இன்னும் சாண் உயரம். அதைத் திட்டிப் பயனில்லை. வெளியிலிருந்து அன்போடு குல்மோகர் கன்றுகள் கொண்டுவந்து தந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் வைத்திருக்கிறோம்.

இது வனத்துறைக் காடு அல்ல. கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் கோயில் புறம்போக்கு, அவ்வளவுதான். சர்வேயரைக் கொண்டு அளந்து எல்லைக்கல் நட்டாகிவிட்டது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காட்டை 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, உள்ளாட்சியைக் கலந்துதான் அப்படி அறிவிக்க முடியும். நாமும் கேட்கலாமா, கேட்டால் பூசைக்கும் புரவி எடுப்புக்கும் இடைஞ்சல் வருமா என்று இரண்டு பக்கமும் பேச்சு இருக்கிறது. குழு தானாக மனுப் போடாது. பொதுக்கூட்டத்தில் பேசுவோம்.

வரவு: தலைக்கட்டு வரி 118 வீட்டுக்கு 500 வீதம் 59,000. வெளியூர், சிங்கப்பூர் நன்கொடை 71,000. முள்கட்டை மூட்டக்கரிக்கு விற்றது 12,600. ஆக 1,42,600 ரூபாய். செலவு: கூலி, வண்டி வாடகை 74,400. சாப்பாடு 21,250. நாற்று, பை, தண்ணீர் வண்டி 18,700. அளவு, எல்லைக்கல் 14,500. கல் ஏற்றிக் கொண்டுவந்தது, சில்லறை 8,000. ஆக 1,36,850. கையிருப்பு 5,750 ரூபாய் பொருளாளரிடம் உள்ளது. ரசீதுகளை யாரும் எப்போதும் பார்க்கலாம். ஞாயிறுதோறும் வந்து தோண்டிய பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தது சோறு மட்டும்.

புரட்டாசி முடியும்போது, கிழக்கு ஓரத்தில் முள் எடுத்த இடத்தருகே, வலசை வரும் ஆறுமணிக் குருவி கத்தியது. இரண்டு நாள் சாயங்காலம் கேட்டோம். வழக்கமாக உள்காட்டில்தான் கேட்கும்.

மழை நின்றதும் கருவேலங்கன்று தலைகாட்டும். விரலால் பிடுங்கும் பருவத்திலேயே பிடுங்கிவிட வேண்டும். மார்கழி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் வர வேண்டுகிறோம். கையுறை குழுவிடம் இருக்கிறது. செருப்பைக் குதிரை வரிசையிலேயே விட்டுவிட வேண்டும் என்பதால், முள் குத்தாமல் இருக்க அன்று மட்டும் பழைய சாக்கைக் காலில் சுற்றிக்கொள்ளப் பூசாரி சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
கோயில்காடு திருப்பணிக் குழு